ஆறாம் அறையில் மழை

அத்தியாயம் 4

பூரணம் ஆச்சிதான் குற்றவாளி என்று தீர்மானிக்க இல்லத்து நிர்வாகத்துக்குப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. அதில் ஏழு நிமிடம் தேத்தண்ணி குடிப்பதில் போனதாம். ஆச்சி தன் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

கடிதம் என்பது நாட்காட்டித் தாளின் பின்பக்கம். பென்சில் எழுத்து.

“மக்டலீன் பிள்ளைக்கு. நேற்றுக் காலமை என்ரை அறைக்குள்ளை மேலையிருந்து தண்ணி ஊத்திப்போட்டுது. நான் சுருட்டுப் பத்தினதாலை எண்டு சொல்லுகினம். நான் அறைக்குள்ளை நெருப்பே மூட்டேல்லை. பத்து நிமிசத்திலை தீர்மானிச்சுப்போட்டினம், அதிலை ஏழு நிமிசம் தேத்தண்ணி. இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்குக் கார் வருமாம். சுன்னாகத்திலை என்ரை தங்கச்சி பெத்த பெறாமகன்ரை வெங்காயக் கொட்டிலிலை என்னைக் கொண்டுபோய் இறக்கப் போகினம். கெதியா வாரும்.”

மக்டலீன் அக்கா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். பகல் ஒரு மணி.

“முத்து, மோட்டார் சைக்கிளை எடும்.”

முத்து என்பது நான்தான். முழுப்பெயர் முத்துக்குமாரு. துப்பறியும் மக்டலீனின் உதவியாளர். உதவியாளர் என்றால் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, நடுவில் கேள்வி கேட்பது, எல்லா வழக்கிலும் தவறாமல் பிழையான ஆளைச் சந்தேகிப்பது. மூன்றாவது வேலையில் என்னை மிஞ்ச யாழ்ப்பாணத்தில் ஆள் இல்லை.

பொலிசுக்குச் சொல்லலாமே என்று கேட்பவர்கள் ஊருக்குப் புதியவர்களாகத்தான் இருப்பார்கள். எண்பத்தைந்தாம் ஆண்டு ஐப்பசி மாதம் அது. பொலிஸ்காரர் தங்கள் பொலிஸ் நிலையத்தைக் காவல் காப்பதிலேயே களைத்துப் போயிருந்தார்கள். எங்கள் தொழில் ஓடியதற்கு அதுதான் காரணம். மற்றபடி மக்டலீன் அக்காவுக்கு இந்தத் தொழிலில் ஒரு தகுதியும் உண்டு. இருபது வருடம் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் தீ விபத்துப் பிரிவில் வேலை பார்த்தவர். யார் வீடு எரிந்தாலும் ஏன் எரிந்தது என்று கண்டுபிடித்துக் கொடுத்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவருடைய வீடே எரிந்தபோது, ஏன் என்று கண்டுபிடிக்கத் தேவையிருக்கவில்லை. ஒரு சூட்கேசோடு குருநகருக்குத் திரும்பி வந்துவிட்டார்.

கொக்குவிலில், பிள்ளையார் கோயில் மதிலை ஒட்டி நின்றது அந்த முதியோர் இல்லம். ஒரே வரிசையில் ஆறு அறை, முன்னால் நீள விறாந்தை, அறைக்கு ஒருவராக ஆறு பேர். வரிசை முடிகிற மேற்குத் தொங்கலில் தண்ணீர்த் தொட்டி. கிழக்குத் தொங்கலில் ஆறாம் அறை. லண்டனில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டிக் கொடுத்தது. கட்டும்போது, ‘அங்கே முதியோர் இல்லமென்றால் முகட்டில் நெருப்புக்குத் தண்ணீர் கொட்டும் ஸ்பிரிங்க்ளர் பூட்டுவார்கள், இங்கேயும் பூட்டத்தான் வேண்டும்’ என்று அடம்பிடித்திருக்கிறார்கள். சுற்றிவர ஷெல் விழுகிற ஊரில், ஆறு கிழவிகளும் சுருட்டு நெருப்பால் செத்துப்போகக் கூடாது என்று லண்டன் கவலைப்பட்டிருக்கிறது. நல்ல மனம்தான். நான் குறை சொல்லவில்லை.

விறாந்தையில், தன் தகரப் பெட்டியின் மேல் ஆச்சி உட்கார்ந்திருந்தாள். எழுபத்தாறு வயது, நாலரை அடி உயரம், கோபம் மட்டும் ஆறடி.

“வந்திட்டீரோ பிள்ளை? பெட்டியெல்லாம் கட்டிப்போட்டினம். என்ரை வெத்திலைத் தட்டத்தைக்கூட நான் கட்டேல்லை, மாஸ்டர்தான் கட்டினவர். அவ்வளவு அவசரம் அவருக்கு.”

“ஆச்சி, நேற்று தண்ணி ஊத்தேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?”

ஆச்சி இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“எல்லாரும் தொட்டிக்குக் கீழை ஆயுத பூசைக்குப் போயிட்டினம். நான் பின்வளவிலை முருங்கைக்குக் கீழை நிண்டு ஒரு சுருட்டுப் பத்தினனான். பத்தின மிச்சத் துண்டை யன்னலிலை வைக்கிறது என்ரை பழக்கம். உண்மையைச் சொன்னா வளவுக்குள்ளை பத்தினது குற்றம். சொல்லாட்டி அறைக்குள்ளை பத்தினது குற்றம். நான் என்ன செய்ய?”

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்: “அந்தக் கொட்டிலுக்கு யன்னல் இல்லைப் பிள்ளை. வெங்காயம் அழுகினா அவங்கள் வந்து எடுப்பாங்கள். நான் அழுகினா ஆர் வருவினம்?”

மக்டலீன் அக்கா ஆச்சியின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே நடந்தார்.

அலுவலகத்தில் இருவர் இருந்தார்கள். ஒருவர் பொறுப்பாளர் பரமலிங்கம் மாஸ்டர். முப்பது வருடம் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாங்கில் ஏற்றி நிற்க வைத்தவர், ஓய்வு பெற்றபின் கிழவிகளிடம் வந்து சேர்ந்திருந்தார். மற்றவர் ஸ்பிரிங்க்ளரை வரைந்து பூட்டிய எஞ்சினியர் மார்க்கண்டு. பதினொரு வருடம் லண்டனில் இருந்துவிட்டுக் குடையோடு திரும்பியவர். ஐப்பசி மழைக்கு அந்தக் குடை இங்கும் பயன்பட்டது, அந்த மட்டில் புத்திசாலிதான்.

மாஸ்டர் ஒரு பால்மாப் பேணியின் மூடியை எங்களிடம் நீட்டினார். அதில் ஒரு சுருட்டுத் துண்டு.

“ஆறாம் அறை யன்னலிலை எடுத்தது. இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?”

“இந்தத் துண்டு எத்தினை நாள் பழசு மாஸ்டர்?”

“சுருட்டுக்கு ஆர் பிறந்தநாள் எழுதி வைக்கிறது?”

எஞ்சினியர் தன் அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தார். தட்டச்சுச் செய்து கையெழுத்தும் போட்டிருந்தது. ‘சுருட்டுப் புகை முகட்டில் தேங்கியதால் ஆறாம் அறையின் ஸ்பிரிங்க்ளர் திறந்துகொண்டது. கருவியில் குறையில்லை. குடியிருப்பவரே பொறுப்பு.’

“லண்டனுக்கும் ஒரு பிரதி அனுப்பப் போறன்,” என்றார்.

“உந்தக் கருவி எப்பிடி வேலை செய்யிறது?” மக்டலீன் அக்கா ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார். அந்த முகத்தை அவர் வைத்தால் நான் வாயை மூடிக்கொள்வது வழக்கம்.

எஞ்சினியருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் விரலை ஓட்டினார். “ஒவ்வொரு அறை முகட்டிலையும் ஒரு தலை. தலையிலை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளுக்குச் சிவப்புத் திரவம். அந்தக் குப்பிதான் தண்ணியை மறிச்சுக்கொண்டு நிக்குது. குப்பி வெடிச்சா அந்தத் தலை மட்டும் திறக்கும். மற்ற அறையளுக்கு ஒண்டும் நடவாது.”

“புகைக்கும் வெடிக்குமோ?”

ஒரு கணம் தயங்கினார். “வெடிக்கும். அறிக்கையிலை எழுதியிருக்கிறனே.”

“நல்லது. நாங்கள் அறையைப் பாத்திட்டு வாறம்.”

ஆறாம் அறையில் பஞ்சு மெத்தை ஊறிப்போய்க் கிடந்தது. அறையின் நடுவே கட்டில், கட்டிலுக்கு நேர் மேலே வெடித்த தலை. மக்டலீன் அக்கா சுவரைத் தடவிப் பார்த்தார். கொடியில் கிடந்த சேலையைத் தொட்டார். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் புரட்டினார்.

“முத்து, என்ன தெரியுது?”

“சேலை காய்ஞ்சிட்டுது.”

“சேலை நனையவே இல்லை. நாட்காட்டித் தாளும் சுருளேல்லை. மெத்தை மட்டும்தான் ஊறிக்கிடக்கு. உது நாலு சுவரும் நனையக் கொட்ட வேண்டிய சாமான்.”

அது முக்கியமென்று எனக்குத் தோன்றவில்லை. நான் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தேன். பக்கத்து அறைகளை எட்டிப் பார்த்தபோது ஐந்து அறை முகட்டிலும், ஸ்பிரிங்க்ளர் தலையைச் சுற்றிய தகட்டில் சந்தனப் பொட்டும் நடுவில் குங்குமமும் இருந்தன. குருநகர்க் கத்தோலிக்கரான மக்டலீன் அக்காவுக்கு அது புதினம். எனக்கு அப்படியல்ல. எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்கு மண்வெட்டி, இறைக்கும் மெசின், தையல் மெசின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவோம். ஒருமுறை அப்பா தன் பல்செட்டுக்கும் வைத்தார்.

“அக்கா, வழக்கு முடிஞ்சுது. மாஸ்டர் ஒவ்வொரு தலைக்கும் பொட்டு வைச்சுக் கற்பூரம் காட்டியிருக்கிறார். ஆறாம் அறையிலை கொஞ்சம் கிட்டப் பிடிச்சிட்டார். டமார். பழியைக் கிழவியிலை போட்டாச்சு.”

“வடிவாய்த்தான் யோசிச்சிருக்கிறீர்,” என்றார். பாராட்டோ, இரங்கலோ தெரியவில்லை.

களஞ்சிய அறையின் பின்னால் ஒட்டறை அடிக்கும் நீளத் தடியைக் கண்டெடுத்ததும் நான் துள்ளிக் குதித்தேன். ஒரு நுனியில் துணி சுற்றி, அதில் காய்ந்த சந்தனம். மக்டலீன் அக்கா தடியைத் திருப்பி மற்ற நுனியைப் பார்த்தார். அங்கே கரி பிடித்திருந்தது. கரிக்குக் கீழே வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கில் பிடித்தார்.

“கற்பூரம்தானே?” என்றேன்.

“கற்பூரம் எரிஞ்சா மிச்சம் கிடவாது முத்து. ஐம்பது வருசமாய் மாதாகோயிலிலை பூசை பாக்கிற எனக்கு இந்த மணம் தெரியும். இது மெழுகுதிரி. பட்டப் பகலிலை, முகட்டுக்குக் கிட்ட மெழுகுதிரி பிடிக்க ஆருக்குத் தேவை?”

மணி மூன்றரை. நாங்கள் திரும்பி வந்தபோது மாஸ்டர் விறாந்தையில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காருக்காகத்தான்.

“மாஸ்டர், ஸ்பிரிங்க்ளருக்குப் பொட்டு வைச்சது நீங்கள்தானே?”

“ஓம், வைச்சனான். அதுவும் ஒரு ஆயுதம்தானே?”

“மெழுகுதிரி?”

மாஸ்டர் நிமிர்ந்துவிட்டார். “மெழுகுதிரியோ? எங்கடை பூசையிலை மெழுகுதிரியோ? என்ன கதை கதைக்கிறீர் பிள்ளை! எல்லாத் தலைக்கும் தடியாலை பொட்டு மட்டும்தான். கற்பூரம் காட்டினது தொட்டிக்குக் கீழை இருக்கிற வால்வுக்கு. மாலையும் போட்டு, எல்லாரும் இருந்து தேவாரமும் பாடினம். மற்ற அஞ்சு பேரும் சாட்சி இருக்கினம். எஞ்சினியர்தான் பிந்தி வந்தவர்.”

என்னுடைய குற்றவாளி கையை விட்டுப் போனார். நான் வழக்கம்போலப் பிழை.

“தண்ணி கொட்டத் தொடங்கினதும் வால்வைப் பூட்டியிருக்கலாமே மாஸ்டர்?”

“எப்பிடிப் பூட்டிறது? பூசை வைச்ச சாமானை அண்டைக்குத் தொடக்கூடாது. விஜயதசமி விடியத்தான் எடுக்கலாம். எஞ்சினியர் ஓடி வந்து பூட்டப் பாத்தவர். நான்தான் விடேல்லை.”

“அப்ப தண்ணி எப்ப நிண்டது?”

“தொட்டி வத்தினாப் பிறகுதான். ஒன்பது மணிக்குத் தொடங்கினது, பின்னேரம் மூண்டு மணியாச்சு. ஆறாம் அறைக் குழாயை அடைச்சுப்போட்டு, இண்டைக்கு விடியத்தான் தொட்டியைத் திருப்பி நிரப்பினனாங்கள்.”

மக்டலீன் அக்கா என்னைப் பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். “வரைபடத்தின்படி ஐந்நூறு கலன் தொட்டி. ஆறு மணித்தியாலம்,” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் ஆச்சியின் பக்கம் திரும்பினார்.

“ஆச்சி, சுருட்டு வைச்சிருக்கிறீங்களோ?”

“இல்லை எண்டு சொல்லவோ, ஓம் எண்டு சொல்லவோ?”

“ஓம் எண்டு சொல்லுங்கோ. எழும்பி அலுவலகத்துக்குள்ளை வாங்கோ.”

அடுத்த காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பரமலிங்கம் மாஸ்டரின் கதிரையில், அலுவலக முகட்டு ஸ்பிரிங்க்ளருக்கு நேர் கீழே பூரணம் ஆச்சி உட்கார்ந்தாள். நான் நெருப்புக்குச்சி தட்டிக் கொடுத்தேன். நெருப்பை வாய்க்குள் வைத்துப் புகைக்கிற பழைய ஆள் அவள். அன்று மட்டும் அக்கா கேட்டுக்கொண்டபடி நேராகவே பிடித்து, இழுத்து, தலையை அண்ணாந்து முகட்டை நோக்கி ஊதினாள். இரண்டு வருடமாக ஒளித்துப் பத்தியவளுக்கு நிர்வாகத்தின் முன்னிலையில் பத்தக் கிடைத்த சந்தோசம். ஆறே நிமிடத்தில் அறைக்குள் ஆளை ஆள் தெரியாத புகை.

“விசரே உமக்கு? கொட்டப் போகுது!” மாஸ்டர் கத்திக்கொண்டே வரவுப் புத்தகங்களை அள்ளி மார்போடு அணைத்தார். மூலையில் சாத்தியிருந்த எஞ்சினியரின் குடையைப் பறித்து விரித்தார். அறைக்குள் குடைக்குக் கீழே, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். நானும் உண்மையில் கதவடிக்குப் போய்விட்டேன்.

ஒரு துளி விழவில்லை.

“எஞ்சினியர் ஐயா,” என்றார் மக்டலீன் அக்கா. “நீங்கள் ஏன் எழும்பேல்லை?”

மார்க்கண்டு தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனபடி அப்படியே இருந்துவிட்டார்.

“புகைக்கு வெடிக்குமெண்டு எழுதினது நீங்கள். அதை நம்பின மாஸ்டர் குடை பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். என்ரை உதவியாளர் ஓடிப்போட்டார். எழுதின ஆள் தேத்தண்ணி குடிக்கிறார். உங்கடை வரைபடம் எல்லாம் இந்தத் தலைக்குக் கீழை விரிச்சபடி கிடக்கு. அதைக்கூட நீங்கள் சுருட்டேல்லை. ஏனெண்டா புகைக்கு உது திறவாது எண்டு இந்த அறையிலை தெரிஞ்ச ரண்டு பேரிலை நீங்கள் ஒராள். மற்றது நான். அறுபத்தெட்டுப் பாகை சூடு வேணும். நாலரை அடி ஆச்சியின்ரை சுருட்டு பத்தடி முகட்டுக்கு அந்தச் சூட்டை எப்பிடிக் கொடுக்கும்?”

மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார்.

“தடியிலை மெழுகுதிரியைக் கட்டிப் பிடிச்சது நீங்கள். எல்லாரும் பூசையிலை இருந்த நேரம். ஏன் ஆறாம் அறை எண்டுதான் முதலிலை எனக்கு விளங்கேல்லை. பேந்து விளங்கிச்சு. தொட்டி மேற்குத் தொங்கல், ஆறாம் அறை கிழக்குத் தொங்கல். தண்ணி போய்ச் சேருமோ எண்டு பயந்த ஆள் கடைசித் தலையிலைதானே பரிசோதிக்கும்?”

கோப்பை சாசரில் இடித்தது. எஞ்சினியர் பேசத் தொடங்கியபோது லண்டன் குரலைக் காணவில்லை. அசல் கொக்குவில் குரல்.

“முப்பத்தைஞ்சு அடி உயரத்துக்குத்தான் தொட்டி கீறினனான். உயரம் இருந்தாத்தான் தண்ணிக்கு அமுக்கம் இருக்கும். மாஸ்டர் விடேல்லை. கோயில் மணிக் கோபுரம் இருபத்தெட்டு அடியாம், தொட்டி அதுக்கு மேலை போகக்கூடாதாம்.”

“ஆறு பொம்பிளையள் குளிக்கிற தண்ணி பிள்ளையாரை எட்டிப் பாக்கலாமோ?” என்றார் குடைக்குள்ளிருந்து மாஸ்டர்.

“பதினைஞ்சு அடியாக் குறைச்சனான். சண்டை பிடிக்க விருப்பமில்லை. லண்டன்காரருக்கு எல்லாம் சரியெண்டு கையெழுத்தும் வைச்சுக் குடுத்தனான். அவை அடுத்த மாசம் பாக்க வருகினம். எனக்கு நித்திரை இல்லை. ஒருக்கால் திறந்து பாப்பம், உடனை வால்வைப் பூட்டலாமெண்டு நினைச்சன். ஓடிப்போனா வால்வுக்கு மாலை போட்டுக் கிடக்கு, சுத்திவர ஆக்கள் தேவாரம் பாடுகினம்.”

“தண்ணி வந்ததோ?”

“ஒழுகினது,” என்றார் எஞ்சினியர், தலையைக் குனிந்தபடி.

“அரை மணித்தியாலத்திலை கொட்டி முடிய வேண்டிய தொட்டி ஆறு மணித்தியாலம் ஒழுகியிருக்கு,” என்றார் மக்டலீன் அக்கா. குரலில் கிண்டல் போய்விட்டது. “நாளைக்கு ஒரு அறை உண்மையாய் எரிஞ்சா, உந்தத் தண்ணியாலை ஒரு விளக்குத் திரியை நூர்க்கலாம். அவ்வளவுதான். இது தெரிஞ்சுகொண்டும் நீங்கள் வாயைத் திறக்கேல்லை. ஆச்சியை வெங்காயக் கொட்டிலுக்கு அனுப்பிப்போட்டு, மற்ற அஞ்சு பேரையும் இதுக்குக் கீழையே படுக்க விடப் பாத்தீங்கள். நான் இருபது வருசம் எரிஞ்ச வீடுகள் பாத்தவள். எரிச்சவையை விட, எரியாதெண்டு கையெழுத்து வைச்சவையிலைதான் எனக்குக் கோவம்.”

எனக்கும் அந்த மனிதரை அறைய வேண்டும்போல இருந்தது. மாஸ்டர் குடையை மடக்கி, மூலையில் சாத்தி, மேசையில் கிடந்த வெளியேற்றக் கடிதத்தைக் கிழித்தார். இரண்டாக, பிறகு நாலாக. அவரும் எஞ்சினியரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெளியே கார் ஹோர்ன் அடித்தது. சாரதியை நான் போய்த் திருப்பி அனுப்பினேன்.

திரும்பி வந்தபோது மாஸ்டர், தன் வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கவேண்டும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். “ஆச்சி, பெட்டியை நானே உங்கடை அறைக்குக் கொண்டுபோய் வைக்கிறன்.”

“எந்த அறைக்கு?” என்றாள் ஆச்சி.

“ஆறாம் அறைக்குத்தான்.”

“அங்கை தண்ணி வராதெண்டு இப்பதானே சொன்னீங்கள்?”

மாஸ்டர் எஞ்சினியரைப் பார்த்தார். எஞ்சினியர் அவசரமாகச் சொன்னார்: “தொட்டியை உயர்த்தித் தாறன் ஆச்சி. சத்தியமாய். கோயில் தர்மகர்த்தாவோடை கதைக்க வேணும், சீமெந்து எடுக்க வேணும், மேசன் பிடிக்க வேணும். ரண்டு மாசம் செல்லும்.”

ஆச்சி எழுந்தாள். நேரே அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவள் உச்சி அவருடைய நெஞ்சுக்குத்தான் வந்தது. அவர் ஓரடி பின்வாங்கினார்.

“அப்ப சரி தம்பி. அந்த ரண்டு மாசமும் ஆறாம் அறையிலை நீ படு. அஞ்சாம் அறையிலை மாஸ்டர் படுக்கட்டும். நாங்கள் ஆறு பேரும் உங்கடை வீடுகளிலை இருக்கிறம். பத்திரமெண்டு கையெழுத்து வைச்சனி எல்லே, உனக்கென்ன பயம்?”

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மாஸ்டர் யன்னலால் கோயில் மணிக் கோபுரத்தைப் பார்த்தார்.

“பிள்ளையார் ஒண்டும் நினைக்கமாட்டார்,” என்றார் கடைசியில்.

அடுத்த நாள் விடிய ஏழு மணிக்கு மேசன் வந்துவிட்டான்.